மெதுவாக வரும் பதில்

தானா மேரா கோஸ்ட் ரோடு பக்கம் கார் போனால் அப்பா தவறாமல் சொல்வார்: "இதெல்லாம் கடலா இருந்த இடம்." 1990களில் சாங்கி கிழக்கில் கடலைத் தூர்த்தபோது அங்கே லாரி ஓட்டியவர்.

போன வாரம் என் ஆறு வயது மகன் மடக்கினான். "தாத்தா, கீழே சேறுதானே? நாம உள்ள போயிட மாட்டோமா?"

"குழாய் இறக்கி மண்ணை எடுத்துப் பார்ப்பாங்கடா."

"குழாய் இறக்காத இடத்துல?"

தாத்தா என்னைப் பார்த்தார். வானொலியில் வாய் ஓயாமல் பேசுகிற நான் பேசாமல் வண்டியை ஓட்டினேன். அன்றிரவு உட்கார்ந்து படித்தேன்.

கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். இளகிய சேற்றிலும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். காரணம், சேற்றில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே சாதாரண ஒலியை அனுப்பினால் சேறு எவ்வளவு உறுதி என்பது சரியாகப் பிடிபடாது.

அதற்கு வேறொரு வழி இருக்கிறது. கடல்தரையில் கனமான எடையை விழவைத்தோ, சிறிய வெடியை வெடித்தோ தரையை அதிர வைக்கிறார்கள். நீரும் சேறும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே ஓர் அலை ஊர்ந்து போகும். நெதர்லாந்து அறிஞர் ஸ்கோல்ட்டேயின் பெயர் அதற்கு. தரையில் வரிசையாக வைத்த கருவிகள் அது வந்து சேரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

அகர் அகர் தட்டை ஆட்டிப் பாருங்கள். இளகியிருந்தால் மெதுவாகத் தளும்பும். இறுகியிருந்தால் வெடுக்கென்று அதிரும். கடல்தரையும் அப்படித்தான். இளஞ்சேற்றில் இந்த அலை விநாடிக்கு 100 மீட்டரைக்கூட எட்டாது. இறுகிய மணலில் பல மடங்கு வேகம். குட்டை அலைகள் மேல்மண்ணை மட்டும் தொடும், நீண்டவை ஆழம்வரை தொடும். இரண்டையும் பிரித்துப் பார்த்தால், குழாய் இறக்காத இடத்திலும் அடுக்கடுக்காக மண்ணின் உறுதி தெரியும். குழாயில் எடுத்த மண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? ஜப்பானின் ஒசாகா வளைகுடாவில், களிமண் தரைமேல் எழுப்பிய தீவில் கன்சாய் விமான நிலையத்தை 1994இல் திறந்தார்கள். அதன் பிறகும் அந்தத் தீவு மூன்று மீட்டருக்குமேல் இறங்கிவிட்டது. 1960களில் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது. கடலடி மண் நமக்கு அடுத்தவீட்டுக் கதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அகர் அகர் செய்து மகனுக்கு ஆட்டிக் காட்டினேன். இரண்டு தட்டு. தூள் குறைவாகப் போட்டது ஒன்று, கூடுதலாகப் போட்டது ஒன்று. அவன் சாப்பிடுவதிலேயே குறியாக இருந்தான். அப்பாதான் இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசா கொட்டுன மண்ணுல முதல் லாரியை ஏத்தும்போது அடிவயிறு கலங்கும்மா," என்றார். "கீழே என்ன இருக்குன்னு யார்கிட்ட கேக்குறது?"

முப்பது வருடத்தில் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.