ஒழுகும் எண்ணெயும் ஆடும் ஸ்டியரிங்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

"பட்டப்படிப்புப் படிக்கிற பிள்ளை காருக்கு அடியில் படுப்பதா?" என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் மட்டுமல்ல, நம் கல்லூரியிலும் இருக்கிறார்கள். ஏன் படுக்கக் கூடாது என்பதே என் கேள்வி. நான் வாடகைக் கார் ஓட்டுபவரின் மகன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. இரு தரப்பையும் அறிந்தவன் என்ற துணிவில் எழுதுகிறேன்.

எண்ணெய் ஒழுக்கைக் கண்டுபிடிப்பது எவரும் செய்யத்தக்க வேலை. ஸ்டியரிங்கைப் பிரித்துப் பூட்டுவது அப்படியல்ல. நம்மவர்களோ நேர்மாறாக நடக்கிறார்கள். எண்ணெய் சொட்டினால் பட்டறைக்கு ஓடுகிறார்கள். ஸ்டியரிங் ஆடினால் தாமே ஒரு திருகு திருகிவிட்டுப் பயணம் கிளம்புகிறார்கள்!

எங்களிடம் இருப்பது பழைய அம்பாசடர். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதை அறிந்த மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள். அது சொட்டத் தொடங்கியபோது ஒரு பட்டறைக்காரர் (பெயர் வேண்டாம்) சம்ப்பைத் தொட்டுப் பார்த்து, எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் கேட்ட தொகை என் ஓராண்டுப் படிப்புச் செலவை விழுங்கிவிடும். ஆனால் ஈரம் தெரியும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றல்லவே! எண்ணெய் கீழ்நோக்கி இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே தேட வேண்டியது, ஈரத்தின் மிக உயரமான, மிக முன்னால் உள்ள புள்ளியை. ஆறிய எஞ்சினை டீசல் தொட்ட பிரஷ்ஷால் கழுவி, துணியால் நன்றாக உலர்த்தி, சந்தேகமான இணைப்புகளில் முகப் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவந்து டார்ச் அடித்தோம். வெள்ளைப் பவுடரில் கருங்கோடு விழுந்திருந்தது டேப்பட் கவரின் பேக்கிங் ஓரத்தில். எஞ்சின் இறங்காமலே ஒழுக்கு நின்றது.

இரவில் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைப்பதும் நல்ல முறை. கறுப்பாகச் சொட்டினால் எஞ்சின் எண்ணெய். கெட்டியாய், கந்தக நெடியோடு இருந்தால் கியர் எண்ணெய். சக்கரத்தின் உட்புறம் நீர்த்து ஒழுகினால் அது பிரேக் எண்ணெயாக இருக்கக்கூடும். அப்போது வண்டியை நகர்த்தவே கூடாது. ஒரே சமயத்தில் பல இடங்களில் கசிந்தால், பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியேற வழியற்ற ஆவி, எண்ணெயைக் கிடைத்த இடுக்கிலெல்லாம் தள்ளும். கசிவை நிறுத்துவதாக எண்ணி நட்டை மேலும் மேலும் முறுக்குவோர் உண்டு. தகட்டு மூடி வளைந்து முன்னிலும் அதிகமாக ஒழுகும்.

ஆய்வுக்கூடத்தில் விளக்கெண்ணெயில் குண்டுகளைப் போட்டு, ஸ்டோக்ஸ் முறையில் பாகுநிலை காண்கிறோம்; ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்குகிறோம். சூடேறினால் குறையும் அதே பாகுநிலைதான், நின்ற வண்டியில் கசியாத எண்ணெயை ஓடிய வண்டியில் கசியவிடுகிறது என்று வகுப்பில் யாரும் சொன்னதில்லை. (பேராசிரியர்கள் பொறுத்தருள்க!)

ஸ்டியரிங் கதை வேறு. பார்ப்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்ட, மற்றொருவர் டை ராடு முனைகளைக் கவனித்தால் தேய்ந்த மூட்டு தெரிந்துவிடும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? எதையும் கழற்றுமுன் டயர்க் காற்றை அளந்து பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள்.

திருத்துவதில்தான் ஆபத்து. பிரீமியர் பத்மினி போன்ற, ஸ்டியரிங் பாக்ஸ் உள்ள பழைய வண்டிகளில் ஒரு திருகு உண்டு. ஆசை காட்டுவது அதுதான். நேர்ச்சாலையில் ஓடுவதே அதிகமாதலால் உள்ளிருக்கும் பற்கள் நடுவில்தான் மிகுதியாகத் தேயும். நடுவில் ஆட்டம் போகும்வரை திருகினால், தேயாத ஓரங்களில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்; வளைவில் திரும்பிய சக்கரம் தானாக மீளாது. சிலருக்கு அந்தப் பாக்ஸில் எண்ணெய் ஒழுகி வற்றிக் கிடப்பதுகூடத் தெரியாது. டை ராடு முனையை மாற்றினால் டோ-இன் மாறும். அதைச் சரியாக அளக்கும் கருவி நம் வீடுகளில் இல்லை. பழைய ஸ்பிளிட் பின்னையே நிமிர்த்தி மறுபடி மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சில ரூபாய்ப் பொருள்! பேக்கிங்கில் பிழைத்தால் போவது எண்ணெயும் பணமும். இதில் பிழைத்தால், நம்மை நம்பிப் பின்சீட்டில் ஏறியவர்களும் போவார்கள். என் தந்தையார் இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டியும், ஸ்டியரிங் வேலைக்குத் தேர்ந்த மெக்கானிக்கிடமே போகிறார்.

நம் துறைக்கு ஒரு பழைய எஞ்சினை வாங்கி வைத்தால் என்ன? உடைசல் கடையில் எடைக்குக் கிடைக்கும். துறைத்தலைவர் இசைந்தால், வாரம் ஒரு மாலை வந்து டேப்பட் கவரைக் கழற்றிக் காட்ட என் தந்தையார் ஒப்புக்கொண்டிருக்கிறார். பவுடரும் பிரஷ்ஷும் நாங்களே கொண்டுவருகிறோம்.