சத்னாம் சிங்: உயரமும் தொழிலும்

இந்தியக் கூடைப்பந்தின் மிகப் பெயர்பெற்ற சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான) ஆட்டக்காரர் சத்னாம் சிங். 1995-இல் பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்னும் சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உயரம் 7 அடி 2 அங்குலம். லூதியானா அகாடமியில் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரிடம் ஆட்டம் கற்றார். 2010-இல், ஆங்கிலம் பேசத் தெரியாத 14 வயதில், உதவித்தொகையுடன் புளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குச் சென்றார். 2015 ஜூனில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-வது தேர்வாக எடுத்தது. என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவர்தான்.

அதன்பின் பாதை சரிந்தது. டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற மேவரிக்ஸின் துணை அணியில் இரு பருவங்கள் இருந்தும் பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார நேர்ந்தது. வளையத்தடியில் நின்று பந்தைப் பறிக்கும் பழைய பாணி சென்டருக்கு அப்போதே மவுசு குறைந்திருந்தது. தொலைவிலிருந்து எறியவும் வேகமாக ஓடவும் தெரிந்த உயரக்காரர்களையே அணிகள் தேடின. என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. கனடாவில் ஒரு பருவம் ஆடினார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, 2020-இல் இரண்டாண்டுத் தடை பெற்றார். பிறகு அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறினார்.

உயரம் அவருக்குக் கதவைத் திறந்தது. உள்ளே நிலைக்கச் சிறுவயதிலிருந்தே கடுமையான போட்டி ஆட்டங்கள் வேண்டியிருந்தன. அவை இந்தியாவில் அவருக்குக் கிடைக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையிலோ நாமக்கல்லிலோ உயரமாக வளரும் பிள்ளையைக் கண்டால், பெற்றோரும் பள்ளிகளும் 10 வயதிலேயே மைதானத்துக்கு அனுப்ப வேண்டும்.