தவணை இல்லாத பிரிவு

வினைமேற் சென்ற சங்கத் தலைவன் கார்காலத்தில் திரும்புவேன் என்று தவணையாவது சொல்லிச் சென்றான். நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்கு லாரி ஏறும் புதிய ஓட்டுநரால் அதுவும் இயலாது. ரிட்டர்ன் லோடு அமைந்தால்தான் வீடு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வார ஓய்வு தந்தது. அது வீட்டிலா, சாலையோரத்திலா என்று கேட்கவில்லை. ஐந்து தொழிலாளருக்குக் குறைவான நிறுவனங்களுக்கோ அதுவும் தானாகப் பொருந்தவில்லை. கைபேசியில் பிள்ளை முகம் பார்க்கலாமே என்பது (சொல்பவர் மாலையில் வீடு திரும்புகிறவர்) நமக்கு உடன்பாடில்லை. நடைக் கணக்கில் கூலி பெறுபவருக்கு வீட்டில் தங்கும் நாள் கூலியற்ற நாள். லோடு ஏற்றுமுன்பே உரிமையாளர் திரும்பும் தேதியைச் சொல்லட்டும்; வீட்டு நாளுக்கும் படி தரட்டும். வாடகை ஏறுமே என்பார்கள். ஏறட்டும், நாசிக் வெங்காயத்துக்குக் கிலோவுக்குச் சில காசு கூடுதலாக நாம் தரமாட்டோமா?