கர்ணம் காணும் பாட்டு

நம் மாணவரிடையே ஒரு பெருமைப் பேச்சு வழங்குகின்றது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் தெரிந்தால், வர்க்கமூலம் இன்றியே கர்ணத்தைக் காணும் வழியைத் தமிழ்ச் செய்யுளொன்று கூறிவிட்டது. ஆதலின் பைத்தாகரஸ் என்னும் யவனரின் முறை வேண்டாத சுமை என்பர். தமிழையே சிறப்புப் பாடமாகக் கொண்ட யாம் இதனை மறுப்பது சிலர்க்கு வியப்பாகலாம். ஆயினும் மறுக்கின்றோம்.

செய்யுள் காட்டும் வழி எளிது. நெடும்பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளுக. எஞ்சியதோடு குறும்பக்கத்திற் பாதியைக் கூட்டுக. பக்கங்கள் 4, 3 ஆயின் மூன்றரையும் ஒன்றரையும் கூடி 5. 12, 5 ஆயின் பத்தரையும் இரண்டரையும் கூடி 13. நண்பர்கள் எடுத்துக்காட்டுவன பெரும்பாலும் இவையே. 15, 8 என்பதை எடுத்தாலோ, 17 வரவேண்டிய இடத்திற் பதினேழே அரைக்கால் வரும். 24, 7 ஆயின் 25க்கு மாறாக இருபத்துநான்கரை! இயற்கணிதத்தால் ஆராயின், பக்கங்கள் 3க்கு 4 என்றோ 5க்கு 12 என்றோ அமைந்தாலன்றி இவ்விதி துல்லியமாகாது என்பது புலனாகும்.

குறும்பக்கம் மற்றதன் காற்பங்கிற்குக் குறையாதவரை பிழை நூற்றுக்கு மூன்றைத் தாண்டாது. இத்துணைச் சிறு விதியில் இத்துணை நெருக்கம் பெறுதல் அரிய திறமே, அத்திறத்தைப் புகழ்க. இல்லாத துல்லியத்தை ஏற்றிப் புகழ்வானேன்?

இச்செய்யுளைப் போதாயனார் என்னும் பழம்புலவர் மேல் ஏற்றுவாரும் உளர். பௌதாயன சுல்ப சூத்திரம் என்பது வேள்விக் களம் அளப்பார்க்கு எழுந்த வடமொழி நூல். அது செவ்வகத்தின் மூலைவிட்டத்தைப் பக்கங்களின் வர்க்கங்களாலேயே கூறுகின்றது. விதியும் வேறு, மொழியும் வேறு. நம் அண்டை நாடாகிய மலையாளத்தில் 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் இயற்றிய யுக்திபாஷையோ அவ்வுண்மையை நிறுவியே காட்டுகின்றது. பெருமை பேச விழைவார் அந்நிறுவலைக் கற்றுப் பேசலாம்.

சென்ற கோடையில் எம் இல்லத்தின் பின்புறம் ஓட்டுச் சார்ப்பு இறக்கினர். கிடை 8 அடி. ஏற்றம் 2 அடி. யாம் பாட்டை ஒப்பித்து, ஏழும் ஒன்றும் எட்டு, கழுக்கோல் 8 அடியில் அறுக்கலாம் என்றோம். முதிய ஆசாரியார் உளியைக் கீழே வைத்தார். “பாட்டு எனக்கும் தெரியும், மக்களே. படுத்த கோலும் சாய்ந்த கோலும் ஒரே நீளம் இருக்குமா?” என்றார். யாம் வாய் திறந்திலோம். அவர் கயிறு பிடித்துப் பார்த்தார். 8 அடி 3 அங்குலம் இருந்தது. இறவாரத்திற்கு நீளவேண்டியது வேறு.