மூட்டைக்கு யார் டிக்கெட் எடுப்பது?

கள்ளக்குறிச்சிக்கு ரயில் கொண்டு வருவேன் என்று சொல்லாத வேட்பாளர் கிடையாது. 2019 நவம்பரில் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகராகவே ஆகிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, எஸ்.பி. ஆபீஸ் வந்தது. ரயில் பிடிக்க மட்டும் அதன் பிறகும் சின்னசேலத்துக்கு ஓட வேண்டியிருந்தது. சின்னசேலம் - கள்ளக்குறிச்சி புதிய பாதை மொத்தமே சுமார் 16 கிலோமீட்டர்தான். ஆனால் அது செய்தித்தாளில் ஓடிய தூரத்தைக் கணக்குப் போட்டால் டெல்லிக்கே போய் வந்திருக்கும் :)

இந்த ரயில் பேச்சில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லோரும் ஆட்களையே எண்ணுகிறார்கள். சென்னைக்கு எத்தனை மணி நேரம், பெங்களூருக்கு நேரடி வண்டி உண்டா, தீபாவளிக்கு ஸ்பெஷல் விடுவார்களா... நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒரு குடும்பம் சென்னைக்கு வருடத்தில் எத்தனை முறை போகும்? ரைஸ் மில் மூட்டை, மக்காச்சோளம், சர்க்கரை, ஜவ்வரிசி எல்லாம் தினமும் போகின்றன. மூட்டைக்கு ஓட்டு இல்லை, அதனால் அதற்கு டிக்கெட் கேட்க ஆளும் இல்லை.

அந்த மூட்டைகளெல்லாம் எப்படிப் போகின்றன என்று தெரிய சேலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் ராத்திரி பத்து நிமிடம் நின்றால் போதும். லாரிக்குப் பின்னால் லாரி. அதை நான்கு வழிச்சாலை என்று சொல்லி சுங்கம் வசூலித்தார்கள். ஆனால் ஊர்களை ஒட்டிய புறவழிச்சாலைகள் பலவற்றை இரு வழியாகவே கட்டி விட்டிருந்தார்கள். நான்கு வழியில் வேகமாக வந்த வண்டி திடீரென்று இரு வழியில் நுழையும்போது எதிரே லோடு லாரி வந்தால் என்ன ஆகும்? அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்த இடங்களை அகலப்படுத்தும் வேலை எத்தனையோ உயிர் போன பிறகுதான் வந்தது.

இதற்குக் கிட்டத்தட்ட இணையாகவே சேலம் - விருத்தாசலம் ரயில் பாதை இருக்கிறது. முன்பு மீட்டர் கேஜ், 2000-களில் அகலப் பாதையாக மாற்றினார்கள். ஆத்தூர், சின்னசேலம் வழியாகப் போகிறது. பக்கத்திலேயே தண்டவாளத்தை வைத்துக்கொண்டு சரக்கு முழுவதும் ஏன் ரோட்டில் போகிறது?

"லாரிக்காரன் வாசலுக்கே வருகிறான், ரயில் வருமா?" என்பது முதல் பதில். சில சரக்குக்கு இது முழு உண்மை. கல்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலைப் பக்கமும் கருமந்துறைப் பக்கமும் மலையாளி மக்கள் மரவள்ளி பயிரிடுகிறார்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். மாவுச்சத்து குறைந்தால் மில்லில் 'பாயிண்ட்' குறையும், பாயிண்ட் குறைந்தால் விலை குறையும். அது மலைப்பாதையில் டிராக்டரிலும் மினி லாரியிலும் இறங்கித்தான் ஆக வேண்டும். வெள்ளிமலைக்கு யாரும் தண்டவாளம் போடப் போவதில்லை. கரும்பும் இப்படித்தான். வெட்டியதும் எடை குறையத் தொடங்கிவிடும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கோ கச்சிராயபாளையம் ஆலைக்கோ டிராக்டரிலும் லாரியிலும் போவதே சரி. இங்கே ரயிலைப் பற்றிப் பேசுவது வீண்.

ஆனால் அதே கிழங்கு ஜவ்வரிசியான பிறகு கதை வேறு. காய்ந்த சரக்கு, மூட்டை கட்டியாகிவிட்டது, மாதக்கணக்கில் கெடாது. போகும் இடம் மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத், மேற்கு வங்காளம். நம் ஊரில் எப்போதாவது பாயசம், வடாம். அங்கே விரத நாளென்றால் ஜவ்வரிசிதான் சாப்பாடு. ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் அவசரமில்லாமல் போகக்கூடிய சரக்கு. ரயிலுக்கென்றே செய்து வைத்தது போன்ற சரக்கு இதைவிட எது? ஆனாலும் லாரியையே தேடுகிறது.

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரயில்வே ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டு போக வாங்குவது எல்லா சரக்குக்கும் சராசரியாக ஒன்றே முக்கால் ரூபாய் அளவில் வருகிறது. லாரிக்கு 2.80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (சீசனுக்குச் சீசன் மாறும், கணக்குக்காக ஒரு எண்). ஆயிரம் கிலோமீட்டருக்கு லாரியில் டன்னுக்கு 2,800 ரூபாய், ரயிலில் 1,750. மிச்சம் 1,050. அடடா என்று தோன்றும்.

இப்போது லோடுமேனைக் கூப்பிடுங்கள். லாரி என்றால் மில்லில் ஒரு ஏற்று, வியாபாரி குடோனில் ஒரு இறக்கு, முடிந்தது. ரயில் என்றால் மில்லில் லாரியில் ஏற்றி, கூட்ஸ் ஷெட்டில் இறக்கி, வேகனில் ஏற்றி, அந்த ஊரில் வேகனிலிருந்து இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றி, குடோனில் இறக்க வேண்டும். நான்கு கை கூடுதல். ஒரு கைக்கு டன்னுக்கு 100 ரூபாய் என்றால் 400. இரண்டு பக்கமும் சின்ன தூர லாரிக்குத் தலா 300 என்றால் 600. மிஞ்சியது 50 ரூபாய். ஐம்பது ரூபாய்க்காக மூட்டை கிழிந்து, மழையில் நனைந்து, எப்போது போய்ச் சேரும் என்று தெரியாமல் காத்திருக்க எந்த வியாபாரிக்குப் பைத்தியம்?

ஆனால் இதே கணக்கை 2,000 கிலோமீட்டருக்குப் போடுங்கள். கூடுதல் செலவு அதே 1,000 ரூபாய்தான், அது தூரத்தோடு வளராது. மிச்சமோ 2,100. இப்போது டன்னுக்கு 1,100 ரூபாய் லாபம் ரயிலில். கொல்கத்தா போகும் சரக்கு லாரியில் போவது நஷ்டக் கணக்கு. அப்படியும் லாரியில் போகிறது என்றால் காரணம் வாடகையில் இல்லை.

காரணம், ரயில்வே சில்லறை வாங்குவதில்லை. ஒரு காலத்தில் ஒரு வேகன் சரக்கு இருந்தாலும், ஏன், சில மூட்டை இருந்தாலும் கூட்ஸ் ஷெட்டில் புக் செய்யலாம். பெரிய யார்டுகளில் வேகன்களைப் பிரித்து, சேர்த்து, வேறு வேறு ஊருக்கு அனுப்புவார்கள். வேகன் எங்கே மாட்டிக்கொண்டது என்று தெரியாமல் வாரக்கணக்கில் ஆகும். 1980-களின் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு, ஒரே சரக்கு, ஒரே ஊர், முழு ரயில் என்று மாறினார்கள். நிர்வாகத்துக்கு அது புத்திசாலித்தனம்தான். நிலக்கரி, இரும்புத் தாது, சிமெண்ட், உரம் எல்லாம் வேகமாக ஓடின. 2023-24-ல் ரயில் சுமந்த 159 கோடி டன்னில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கமிருந்து அரசு கொள்முதல் செய்த நெல் இரண்டாயிரம் டன் சரக்கு ரயிலில் போனது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதுவும் இதே முறைதான். அரசாங்கத்திடம் இரண்டாயிரம் டன் இருக்கிறது.

சின்னசேலத்து மில்காரரிடம் இருக்குமா? மூடிய வேகன்கள் 42 கொண்ட ஒரு ரேக்கில் சுமார் 2,500 டன் ஏறும். 20 டன் லாரியாகப் பார்த்தால் 125 லாரி. அதையும் குறித்த நேரத்துக்குள் ஏற்றி முடிக்காவிட்டால் ஒவ்வொரு வேகனுக்கும் மணிக் கணக்கில் அபராதம். 20 வேகன் போதும் என்று மினி ரேக் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். அதுவே 60 லாரிக்கு மேல். இந்தூரில் இருக்கும் வியாபாரி கேட்பது ஒரு லாரி லோடு. கடைக்கு வந்து கால் கிலோ பருப்பு கேட்பவரிடம் "மூட்டையாகத்தான் தருவோம்" என்று சொல்கிற கடை இது. அப்புறம் வியாபாரம் எதிர்க் கடைக்குப் போய்விட்டது என்று புலம்பினால்? சுதந்திரம் வந்த புதிதில் நாட்டின் சரக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரயிலில் போனது. இன்று மூன்று பங்குகூட இல்லை.

லாரி மலிவு என்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அமெரிக்காவில் 1958-60-ல் ரோடு போட்டு லாரி ஓட்டிச் சோதித்தபோது, அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் சுமார் பதினாறு மடங்கு என்று வந்தது. நம் நாட்டிலோ 2018-ல் மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக ஏற்றினார்கள். அதற்கு மேல் ஓவர்லோடு தனி. பள்ளத்தை அடைக்கும் செலவு லாரி வாடகையில் முழுதாக இல்லை. பைக்கில் போகிறவரும் பெட்ரோல் வரியில் சேர்ந்துதான் கட்டுகிறார்.

ரயிலில் இதற்கு நேர் எதிர். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று ரயில் டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள், பார்த்திருப்பீர்கள். மீதியைச் சரக்குக் கட்டணத்தில்தான் ஈடுகட்டுகிறார்கள். ஆக ஒரு பக்கம் வாடகை நிஜத்தைவிடக் குறைவு, இன்னொரு பக்கம் நிஜத்தைவிட அதிகம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து "சந்தை லாரியைத் தேர்ந்தெடுத்துவிட்டது" என்று சொல்வது காமர்ஸ் படிக்கிறவர்கள் சொல்லக்கூடாத வசனம்.

லாரி டிரைவரையும் உரிமையாளரையும் வில்லனாக்க இதில் ஒன்றுமில்லை. நாமக்கல், சங்ககிரி பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் அதில் ஓடுகின்றன! ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலி வண்டியோடு திரும்புகிற பயத்தில் நஷ்ட வாடகைக்கு ஒத்துக்கொள்வதும் அவர்கள்தான். வாடகை அங்கே அழுந்தினால் அவர்கள் தலையில் விழும். டீசல் விலையோடு ஏறினால் மலையில் விழும். வடக்கே ஜவ்வரிசி விலையை வாங்குகிறவன் தீர்மானிக்கிறான். அதில் வாடகை போக, மில் செலவு போக, மிச்சமிருப்பதுதான் கிழங்குக்கு. வெள்ளிமலையில் கிழங்கு பிடுங்குகிறவருக்குக் கொல்கத்தா லாரி வாடகை பற்றித் தெரியாமலிருக்கலாம். அவர் பையில் கை வைப்பது அதுதான்.

சில்லறைச் சரக்கை ரயில்வேயால் எடுக்கவே முடியாது என்பதும் பொய். 2020 ஆகஸ்டில் தேவ்லாலியிலிருந்து தானாபூருக்குக் கிசான் ரயில் விட்டார்கள். குறைந்தபட்ச அளவு கிடையாது, வழியில் உள்ள ஸ்டேஷன்களில் ஏற்றலாம், இறக்கலாம். காய்கறி, பழத்துக்குக் கட்டணத்தில் பாதி மானியம். மானியத்தில் ஓடியது என்பது உண்மை. ஆனால் கால அட்டவணையோடு, சின்னச் சின்ன லோடுகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சரக்கு ரயில் ஓட முடியும் என்பது அதில் தெரிந்துவிட்டது. அழுகும் தக்காளிக்கே முடிந்தது, அழுகாத ஜவ்வரிசிக்கு முடியாதா?

சேலம் பக்கத்தில் சரக்கைச் சேர்க்கும் வேலையும் பாதி நடந்தே இருக்கிறது. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் குடோன்களுக்கு மில்காரர்கள் மூட்டையை அனுப்புகிறார்கள், வியாபாரிகள் டெண்டரில் எடுக்கிறார்கள். பல மில் சரக்கு ஒரே இடத்தில் குவிந்து, பிறகு ஆளுக்கொரு லாரியாகச் சிதறிப் போகிறது. ஒரே திசைக்குப் போகும் லோடுகளைச் சேர்த்து, வாரம் ஒரு நாள், குறித்த நேரத்துக்கு, வேகன் கணக்கில் இடம் விற்றால் போதும். சின்னசேலத்து அரிசியும் மக்காச்சோளமும் அதே வண்டியில் தொற்றிக்கொள்ளும்.

கள்ளக்குறிச்சிப் பாதைக்கு வருவோம். பயணிகளுக்கு அது தேவை, சந்தேகமே இல்லை. சரக்குக்கோ 16 கிலோமீட்டர் தண்டவாளத்தால் மட்டும் எதுவும் மாறாது. சின்னசேலத்துக்கு லாரி அரை மணியில் போய்விடும். பிளாட்பாரம் எத்தனை, எந்த எக்ஸ்பிரஸ் நிற்கும் என்று கேட்கிறவர்கள், கூரை போட்ட கூட்ஸ் ஷெட் ஒன்றும், எடை மேடை ஒன்றும், இருபது டன்னுக்கும் ரசீது போடுகிற ஒரு கிளார்க்கும் சேர்த்துக் கேட்கலாம். இன்றைக்கு ரயில்வேயின் விதிப்படி அந்த கிளார்க் 20 டன்னோடு வருகிறவரிடம் என்ன சொல்வார்? "மினி ரேக்குக்கு இன்னும் ஆயிரத்து இருநூறு டன் குறைகிறது, சேர்த்துக்கொண்டு வாருங்கள்" என்பார். வந்தவர் வெளியே போய் எதிரே இருக்கும் லாரி புக்கிங் ஆபீஸில் ஏறுவார்.