நாசிலை முறுக்கினால் படகு பறக்காது

பழவேற்காடு ஏரிக்கரையில் யாரிடமாவது "என்ஜின் இழுக்கல" என்று சொல்லிப் பாருங்கள். பசியாவரமோ கோட்டைக்குப்பமோ, எங்கும் மருந்து ஒன்றுதான்: "நாசில் பிரஷரை ஏத்தி வைங்கண்ணே, சும்மா பறக்கும்." பிரஷர் ஏறினால் டீசல் கூடும், டீசல் கூடினால் பவர் கூடும், பவர் கூடினால் வேகம் கூடும் என்று கணக்கு. மூன்று படியும் ஓட்டை.

ஃபைபர் படகில் நீளமான ஷாஃப்ட் மாட்டி ஓட்டுகிற ஒற்றை சிலிண்டர் என்ஜினில், நாசில் என்பது ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் ஓர் ஊசி. பம்ப் தள்ளும் டீசல் அந்த ஸ்பிரிங்கை வென்றால் ஊசி எழும்பும், டீசல் பீய்ச்சும். சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் சிறு என்ஜின்களில் இதற்கான அழுத்தம் பொதுவாக 200 பாரை ஒட்டி இருக்கும். மெல்லிய வாஷர் ஒன்றைச் செருகினாலோ திருகை முறுக்கினாலோ இந்த அளவு மட்டும்தான் ஏறும். ஒரு தடவைக்கு எவ்வளவு டீசல் என்பது பம்ப்பின் பிளஞ்சரும் ரேக்கும் பார்க்கும் வேலை. அளவுக்கு மேல் முறுக்கினால் டீசல் குறையக்கூடச் செய்யும். தேய்ந்த பிளஞ்சரில் கசிவு கூடும், ஊசி எழும்பத் தாமதமாகி டைமிங்கும் பின்தங்கும். ஊசி சீட்டில் ஓங்கி அறைந்து அறைந்து, கடைசியில் நாசில் சொட்டத் தொடங்கும்.

"ஏத்தினதும் நல்லா ஓடுச்சே, கண்ணால பார்த்தேனே" என்பார்கள். பொய்யில்லை. பழைய நாசிலில் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் 160, 170 என்று இறங்கிப்போயிருக்கும். மெக்கானிக் அதை ஏற்றும்போது, அவருக்கே தெரியாமல், கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து விடுகிறார். என்ஜின் தேறியது பழைய அளவு திரும்பியதால். பெயர் மட்டும் "ஏத்தினதுக்கு" போய்விட்டது. அதே நல்ல பெயரை நம்பி அடுத்த மாதம் இன்னொரு வாஷர் செருகுகிறார்களே, அங்கேதான் கேடு.

சிலர் நாசிலோடு நிற்பதில்லை. பம்ப்பின் சீலை உடைத்து ஸ்டாப்பர் திருகையும் தளர்த்தி விடுகிறார்கள். இப்போது டீசல் கூடுவது நிஜம். காற்று கூடியதா? ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய, கணக்குப்படியே சுமார் பதினாலரை கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய அதைவிடவும் அதிகம். டர்போ இல்லாத என்ஜின் பிஸ்டன் உறிஞ்சுகிற காற்றோடு சரி. மிஞ்சிய டீசல் கரும்புகையாகப் போகிறது. அதைப் பார்த்து "பவர்" என்று பூரிப்பவர், காசு கொடுத்து வாங்கியது எரியாமல் போவதைத்தான் பார்த்துப் பூரிக்கிறார். ஹெட்டும் பிஸ்டனும் சூடேறும், எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும்.

இன்றைய டீசல் கார்களில் 2,000 பார் அழுத்தம் இருக்கிறதே என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த அழுத்தத்துக்கென்றே செய்த பம்ப், மயிரிழைத் துளைகள், டர்போ, எல்லாவற்றையும் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் ஆகியவையும் அங்கே இருக்கின்றன. வாஷர் அவற்றைக் கொண்டுவராது.

சரி, எப்படியோ பவர் கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, ஆழமான தண்ணீரிலேயே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பவர் வேண்டும். பழவேற்காடு ஏரியோ பெரும்பாலும் இடுப்பளவு. ஒரு மீட்டர் ஆழத்தில் அலை மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. பாரம் ஏற்றிய படகு அந்த வேகத்தை நெருங்கியதும், தானே எழுப்பிய அலையைத் தாண்ட முடியாமல் முட்டுகிறது. பின்பக்கம் அமிழ்கிறது, ப்ரொப்பெல்லர் சேற்றைக் கிளறுகிறது. அதற்குப் பின் ஊற்றும் டீசலில் பெரும்பகுதி அலையை உயர்த்தத்தான். ஏரிக்குள் இந்த அவசரமும் எதற்கு? இறால் வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு வழக்கம் இங்கே தலைமுறைகளாக உண்டு. முந்திப் போனவருக்கு இடம் என்ற பேச்சு அதில் கிடையாது.

முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்களின் வாதம் வேறு. அலை உடையும் இடத்தில் பவர் கைவசம் வேண்டும் என்கிறார்கள். நியாயம். ஆனால் அந்த இடத்தில் சூடேறி இறுகி நின்றுவிட்ட என்ஜினைவிட ஆபத்தானது எது? பவர் போதாதென்றால் பெரிய என்ஜின் வாங்க வேண்டும். சின்னதை அடித்துப் பெரிதாக்க முடியாது.

என்ஜின் இழுக்கவில்லையா? முதலில் படகைக் கவிழ்த்து அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டுங்கள். ப்ரொப்பெல்லர் முனை உடைந்திருக்கிறதா, ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டுங்கள். காதால் கேட்டு அழுத்தம் சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் கையை நீட்டாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இயந்திரம் பொருத்திய நாட்டுப் படகுகளுக்கு அரசு வரிவிலக்கு டீசல் தருகிறது. அந்தச் சலுகை கரும்புகையாகப் போகாமல் இருக்க, பழவேற்காட்டில் ஒரு நாசில் டெஸ்டரையும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் மீன்வளத் துறை நிரந்தரமாக வைக்க வேண்டும். பசியாவரத்துப் படகுக்காரர்கள் அடுத்த குறைதீர் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கட்டும்.