வடிநீரும் கொதிநீரும்

காப்பி என்னும் சொல்லுக்குத் தனித்தமிழ் அன்பர்கள் ஆக்கித் தந்த பெயர்கள் இரண்டு. ஒன்று குளம்பி, மற்றொன்று கொட்டை வடிநீர். வகுப்பறையில் இவற்றைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பர். மாணவப் பருவத்தில் நானும் சிரித்தவனே. ஆயினும் அடுப்படியில் நின்று காப்பி போடக் கற்றுக்கொண்ட பின்னர் இரண்டாவது பெயரைக் கேட்டுச் சிரிக்க மனம் வருவதில்லை. நம் வீட்டுக் காப்பி கெடுவதற்கான காரணமும் அதற்குரிய மருந்தும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. வடிநீர் என்பது வடித்து எடுப்பது. கொதிக்க வைத்து எடுப்பது அன்று. நாம் நாள்தோறும் வழங்கும் ‘டிகாக்‌ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லோ, கொதிக்க வைத்து வற்றச் செய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. கஷாயத்திற்கு அது பொருந்தும். ஃபில்டர் காப்பிக்குப் பொருந்தாது. பெயரைக் கடன் வாங்கும்போது பிழையையும் சேர்த்து வாங்கிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கொதிக்க வைப்பதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபியர் இரவு வணக்கத்தில் உறக்கம் வாராதிருக்கப் பருகிய கஹ்வாவே இப்பானத்தின் மூத்த வரலாறு. அங்கிருந்து பாபா பூதன் என்னும் இறைநேசர் ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அரபு நாடுகளில் கொட்டையை இளம்பதமாக வறுத்து, ஏலம் சேர்த்துக் கொதிக்க வைத்துப் பாலின்றிப் பருகுவர். அவர்தம் பக்குவத்திற்கு அதுவே முறை. நம் சுக்கு மல்லிக் காப்பியும் கொதித்தால்தான் இறங்கும். ஆனால் நாம் வாங்குவதோ கருக வறுத்து நைய அரைத்த தூள். அதைக் கொதிக்க வைத்தால் மணம் மேலே போய்விடும்; கைப்பு கீழே தங்கிவிடும்.

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சாளரத்தைத் திறந்தால் யானைமலை தெரியும். அம்மா காப்பி போடும் நேரத்தில் மலையைப் பார்த்தாரோ இல்லையோ, அத்தாவின் முகத்தைப் பார்ப்பார். சம்பள நாளன்று மதுரை நகருக்குச் சென்று மாதம் முழுமைக்குமான தூளை ஒரே பொட்டலமாக வாங்கி வருவது அத்தாவின் வழக்கம். முதல் வாரத்தில் காப்பியைப் புகழ்வார். மூன்றாம் வாரத்தில், “என்ன போட்டே இன்னைக்கி?” என்று கேட்டு டம்ளரைப் பாதியில் வைத்துவிடுவார். ஒருமுறை சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னிலையிலேயே அவ்வாறு கேட்டுவிட்டார். அம்மா மறுமொழி கூறவில்லை. அன்றைய குற்றம் அம்மாவின் கையில் இல்லை, அத்தாவின் பொட்டலத்தில் இருந்தது என்பதை உணர எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின. வாங்குபவர் ஒருவர், பழி சுமப்பவர் மற்றொருவர் என்னும் இந்த வழக்கம் எங்கள் வீட்டோடு முடிந்துவிட்டதாகத் தெரியவில்லை. காப்பியின் பிழைகளுள் பாதி, தூள் அடுப்படிக்கு வருமுன்னரே நிகழ்ந்துவிடுகிறது என்பது என் துணிபு.

வறுத்த கொட்டை முழுதாக இருக்கும்வரை மணத்தைக் காக்கும். அரைத்துவிட்டாலோ சில நாள்களிலேயே அம்மணம் காற்றில் கலந்துவிடும், ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். ஆகவே கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் வாரத்திற்கு 200 கிராம் வாங்குவது, மாதத்திற்கு ஒரு கிலோ வாங்குவதினும் நன்று. சிறுமலையிலும் தாண்டிக்குடியிலும் காப்பி விளையும் மாவட்டத்திற்கு அண்டை மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டு பழந்தூளைக் குடிப்பது நமக்கு அழகன்று.

சிக்கரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது காப்பி அன்று. ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. நிறமும் கெட்டியும் தருமேயன்றிக் காப்பிக்குரிய ஊக்கம் அதில் இல்லை. கலப்புத் தூளில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பதும், இரண்டின் அளவையும் உறையில் அச்சிட வேண்டும் என்பதும் விதி. அதாவது, ஏறத்தாழப் பாதி சிக்கரியாகவே இருந்தாலும் விதி மீறப்படவில்லை! கறுப்பாக இறங்குவதைக் கண்டு ‘திக்கான காப்பி’ என்று மயங்குவோர் உறையை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம். சிக்கரி மிகுந்த தூள் நீரில் ஊறி உப்பி ஃபில்டரையும் அடைத்துக்கொள்ளும். நூற்றுக்கு இருபதுக்கு மேல் அதற்கு இடம் தர எனக்கு உடன்பாடில்லை.

இனி ஃபில்டர். நால்வருக்கு நான்கு மேசைக்கரண்டித் தூளும் ஏறத்தாழ 200 மில்லி நீரும் போதும். தூளை இட்டுச் சமமாகப் பரப்பி, குடை போன்ற அந்தத் தட்டை மெல்ல வைக்க வேண்டும். பலர் அதைச் சுவரில் ஆணி அடிப்பதுபோல் அழுத்துகின்றனர். பிறகு நீர் இறங்கவில்லையே என்று ஃபில்டரைத் தட்டுகின்றனர். கொதித்த நீரை இறக்கி அரை நிமிடம் பொறுத்து, முதலில் தூள் நனையுமளவு ஊற்றி, சற்றுக் கழித்து மீதியை ஊற்றினால் இறங்கும் வடிநீர் கள்ளிச் சொட்டாக இருக்கும். இதற்குப் பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் ஆகும். அதைக் குறைக்க வழியில்லை. சொட்டு நின்றுபோனால் மேல் பாத்திரத்தைச் சற்றே தூக்கி வைத்தால் போதும். கீழே அடைபட்ட காற்று வெளியேறி மீண்டும் இறங்கும். துளைகளில் பழந்தூள் அப்பிக்கொண்டிருந்தால், கழுவிய பின் அடிப்பகுதியைச் சிறிது நேரம் தீயில் காட்டி எரித்துவிடலாம்.

வாசலில் நின்றுகொண்டு “ஐந்து நிமிடத்தில் காப்பி கொண்டா” என்று குரல் கொடுப்பவரே அடுத்த பிழைக்குக் காரணர். அக்குரலுக்கு அஞ்சித்தான் காலையில் இறக்கிய வடிநீரை மாலையில் அடுப்பேற்றுகிறார்கள். தூளைப் பாலிலேயே போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். வடிநீருக்கு இரண்டாம் சூடு ஆகாது. சூடு பாலில் இருக்கட்டும். அப்போது காய்ச்சிய பாலில் ஆறிய வடிநீரைக் கலந்தாலும் காப்பி சூடாகவே இருக்கும். மிகவும் ஆறியிருந்தால் அக்கிண்ணத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தெடுக்கலாம். ஏட்டிலேறிய பாலை மூன்று முறை பொங்க வைப்பதும் வேண்டா. ஆடையும் காய்ந்த வாடையுமே மிஞ்சும்.

இப்போது எங்கள் வீட்டில் தூள் வாங்குவதும் காலை ஃபில்டர் போடுவதும் என் பொறுப்பு. என் மகனும் பத்தாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டான். அத்தா இல்லை. அம்மா முற்றத்து நாற்காலியில் அமர்ந்தபடி டபராவில் ஆற்றிக் குடிக்கிறார். முதல் வாய் குடித்ததும் என் முகத்தைப் பார்த்து, “சீனி கொஞ்சம் தூக்கல்டா” என்கிறார்.